லாரி மோதிக் காயம்பட்டவருக்கு இழப்பீடு: எப்படிக் கிடைக்கிறது, எங்கே குறைகிறது

நெடுஞ்சாலையில் லாரி மோதி ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, குடும்பத்தாருக்கு யோசனை சொல்ல ஆட்களுக்குக் குறைவே இருக்காது. “ஆறு மாசத்துக்குள்ள கேஸ் போடலைன்னா ஒண்ணும் கிடைக்காது” என்பார் ஒருவர். “டிரைவருக்கு லைசென்ஸ் இல்லையாம், இன்சூரன்ஸ் தராது” என்பார் இன்னொருவர். “ஓனர் ஐம்பதாயிரம் தர்றேங்கிறார், வாங்கிட்டு முடிச்சுக்குங்க” என்பார் மூன்றாமவர்.

முதல் இரண்டும் பாதி உண்மை. மூன்றாவது, பல நேரங்களில் பெரிய நஷ்டம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் கொண்டுவந்த திருத்தங்களில் இழப்பீடு தொடர்பானவை 2022 ஏப்ரல் 1இல்தான் நடைமுறைக்கு வந்தன. பழைய விதியும் புதிய விதியும் கலந்து ஊரில் உலவுவதால்தான் இவ்வளவு குழப்பம். காயம்பட்டு உயிர் பிழைத்தவர்களுக்கான வழியை மட்டும் இங்கே பார்ப்போம். உயிரிழப்பு வழக்குகளின் கணக்கு கொஞ்சம் வேறு.

காவல் நிலையத்து வழக்கு வேறு, இழப்பீட்டு வழக்கு வேறு

எஃப்.ஐ.ஆர். பதிவானதும் “கேஸ் போட்டாச்சு” என்று நிம்மதி அடைகிறவர்கள் நிறைய. அது லாரி டிரைவர் மீது அரசு நடத்தும் குற்ற வழக்கு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 ஆகிய பிரிவுகளில் அது பதிவாகிறது. டிரைவருக்குத் தண்டனை கிடைத்தாலும், காயம்பட்டவரின் மருத்துவச் செலவும் போன வருமானமும் அந்த வழக்கிலிருந்து வராது.

இழப்பீட்டுக்கு 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 166ஆவது பிரிவின் கீழ், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தனியாக மனு போட வேண்டும். நீதிமன்ற வட்டாரத்தில் இதை எம்.சி.ஓ.பி. என்பார்கள். மாவட்ட நீதிமன்றங்களும் சார்பு நீதிமன்றங்களும் தீர்ப்பாயமாக இருந்து இவற்றை விசாரிக்கின்றன. சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம்.

இரண்டு வழக்குக்கும் ஆதாரத்தின் அளவுகோலே வேறு. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். தீர்ப்பாயத்திலோ, இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று நம்பும் அளவுக்கு ஆதாரம் இருந்தால் போதும். டிரைவர் குற்ற வழக்கில் விடுதலையாகிவிட்டார் என்பதற்காக இழப்பீட்டு மனு தானாக விழுந்துவிடாது.

மனுவை எங்கே போடுவது? விபத்து நடந்த இடம், காயம்பட்டவர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்த்தரப்பினர் வசிக்கும் இடம் ஆகியவற்றில் எந்தப் பகுதித் தீர்ப்பாயத்திலும் போடலாம். கிருஷ்ணகிரி அருகே அடிபட்ட தூத்துக்குடிக்காரர் தூத்துக்குடியிலேயே வழக்கு நடத்தலாம். ஊன்றுகோலோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏற வேண்டியதில்லை.

லாரி என்பதால் என்ன வித்தியாசம்?

எதிர்த்தரப்பில் பொதுவாக மூன்று பேர்: டிரைவர், லாரி உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம். டிரைவர் வேலை நேரத்தில் செய்த தவறுக்கு உரிமையாளர் பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஏற்கத்தான் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயம். எனவே பணம் கிட்டத்தட்ட எப்போதும் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்துதான் வரும். ஓனர் கையிலிருந்து ஐம்பதாயிரம் வாங்கிக்கொண்டு “இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்” என்று எழுதிக் கொடுப்பதில் உள்ள ஆபத்து இதுதான். அந்தக் காகிதம் பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் கையில் போய்ச் சேரும்.

சொந்தக் காரைவிட லாரிக்குக் காகிதங்கள் அதிகம். பெர்மிட், எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று, சரக்கு வாகனம் ஓட்டும் உரிமம் எல்லாம் வேண்டும். ஒவ்வொன்றும் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு தப்பிக்கும் வாசல். போதாக்குறைக்கு உரிமையாளர் நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ இருப்பார், பதிவெண் நாகாலாந்தாக இருக்கும், லோடு வேறு யாருடையதாகவோ இருக்கும். விபத்து நாளில் பாலிசி நடப்பில் இருந்ததா என்பதை எம்-பரிவாஹன் செயலியில் பதிவெண்ணை வைத்து அன்றைக்கே பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

லாரிக்குக் காப்பீடே இல்லை என்றால்? உரிமையாளரே கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டியைப் போதுமான பிணை இல்லாமல் விடுவிக்கக் கூடாது, தேவைப்பட்டால் ஏலம் விட்டுத் தொகையைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும், அதற்கு எல்லா மாநிலங்களும் விதி வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது. ஆகவே வண்டி இன்னும் காவல் நிலைய வாசலில் நிற்கும்போதே வக்கீல் மூலம் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். வண்டி போன பிறகு ஓனரைத் தேடி அலைவதுதான் மிச்சம்.

ஆறு மாதக் கெடு

1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதலில் ஆறு மாதக் கெடு இருந்தது. 1994 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். 2019 திருத்தம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது: விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். இந்தக் கெடு செல்லாது என்று எதிர்த்துத் தொடுத்த வழக்குகளில், ஆறு மாதம் கடந்தது என்ற ஒரே காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. இடைக்கால உத்தரவு இறுதித் தீர்ப்பு ஆகாது. எனவே ஆறு மாதத்துக்குள் போட முடிந்தவர்கள் போட்டுவிட வேண்டும். காலம் கடந்தவர்கள் “இனி அவ்வளவுதான்” என்று ஒதுங்காமல் வக்கீலைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. 2022இல் வந்த விதிகளின்படி காவல்துறை விபத்தைப் பற்றிய முதல் அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும், விரிவான அறிக்கையை 90 நாளுக்குள்ளும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளலாம். காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் விசாரணை அதிகாரி அனுப்பிவிட்டார் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். அனுப்பினாரா என்று கேளுங்கள்.

முதல் வாரத்துக் காகிதங்கள்

வழக்கின் பலம் பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த நாட்களில்தான் குடும்பம் காகிதத்தைப் பற்றி நினைக்கும் நிலையிலேயே இருக்காது.

அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் ராத்திரி பதினொரு மணி. பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறார். அடிபட்டவர் மயக்கத்தில் இருக்கிறார். கூட வந்தவர் வழியில் போனவர், மோதியதைப் பார்க்கவில்லை. “பைக்ல இருந்து விழுந்து கிடந்தார்” என்கிறார். அப்படியே பதிவாகிறது. இரண்டு வருடம் கழித்து, “இவர் தானாகத்தான் விழுந்தார், எங்கள் லாரியைப் பிறகு சேர்த்துவிட்டார்கள்” என்று காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் அந்த ஒற்றை வரியை எடுத்து நீட்டுவார். எனவே இந்தப் பதிவேட்டின் நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியைச் சீக்கிரம் வாங்கிப் படியுங்கள். தவறு இருந்தால், நினைவு திரும்பியதும் போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் லாரியின் பதிவெண், வந்த திசை, மோதிய விதம் எல்லாம் தெளிவாக வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்த்து வைக்க வேண்டியவை:

1. எஃப்.ஐ.ஆர்., சம்பவ இட வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, குற்றப்பத்திரிகை. ஆய்வாளர் அறிக்கையில் பிரேக் நிலையும் எந்தப் பக்கம் சேதம் என்பதும் இருக்கும். யார் யாரை மோதியது என்பதற்கு இது நல்ல சாட்சி.

2. காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஸ்கேன், எல்லா பில்லும். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வண்டி வாடகை ரசீதுகூட எண்ணிக்கைக்கு வரும்.

3. வருமானச் சான்று. சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் நலவாரிய அட்டை, வங்கிக் கணக்கில் வந்த கூலி, மேஸ்திரி அல்லது முதலாளியின் சாட்சியம்.

4. சம்பவ இடத்தின் போட்டோ, சுங்கச்சாவடி அல்லது பக்கத்துக் கடையின் சிசிடிவி பதிவு. பழைய பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும். அதனால் விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் உடனே கேட்டு வைக்க வேண்டும்.

சிகிச்சைச் செலவுக்கு இழப்பீடு வரும்வரை காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில் ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய்க்குப் பணமில்லாச் சிகிச்சை உண்டு.

தொகையைக் கணக்கிடும் விதம்

மருத்துவச் செலவு, சிகிச்சைக் காலத்தில் போன கூலி, உடனிருந்து பார்த்தவருக்கான செலவு, வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை என்று பல தலைப்புகளில் இழப்பீடு கணக்கிடப்படும். இவற்றில் பெரிய வித்தியாசம் எழாது. வித்தியாசம் முழுக்க ஒரே இடத்தில்தான்: நிரந்தர ஊனத்தால் எதிர்காலத்தில் போகும் வருமானம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 34 வயதுக் கொத்தனார். மாத வருமானம் 15,000 என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். லாரி மோதித் தொடை எலும்பு முறிந்து கோணலாகச் சேர்ந்துவிட்டது, முழங்கால் முழுதாக மடங்கவில்லை. மருத்துவக் குழு 35 சதவீத ஊனம் என்று சான்று தருகிறது.

முதல் முறை: ஒரு சதவீத ஊனத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று பெருக்குவது. சதவீதத்துக்கு 5,000 என்றால் 35க்கு 1,75,000 ரூபாய்.

இரண்டாம் முறை: பெருக்கல் எண் முறை. உச்ச நீதிமன்றம் 2009இல் சர்லா வர்மா வழக்கில் வயதுக்கேற்ற எண்களை வரையறுத்தது. 31 முதல் 35 வயதுக்கு 16. 2017இல் பிரணய் சேத்தி வழக்கில், 40 வயதுக்குக் கீழ் உள்ள சுயதொழில் செய்வோர், நிலையான சம்பளம் வாங்குவோருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்கச் சொன்னது. கணக்கு இப்படி வரும்: 15,000டன் 40 சதவீதம் சேர்த்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. அதை 16ஆல் பெருக்கினால் 40,32,000. அதில் 35 சதவீதம் 14,11,200 ரூபாய்.

ஒரே மனிதர், ஒரே கால், ஒரே சான்று. ஒரு முறையில் ஒன்றே முக்கால் லட்சம், இன்னொன்றில் பதினான்கு லட்சத்துக்கு மேல்.

எந்த முறை பொருந்தும்? 2010 அக்டோபரில் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தெளிவான வழி சொன்னது. மருத்துவர் சொல்லும் உடல் ஊனச் சதவீதத்தை அப்படியே வருமான இழப்பாக எடுக்கக் கூடாது. இந்த ஊனத்தால் இவர் தம் தொழிலில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று பார்த்து வருமான இழப்பின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். அது மருத்துவச் சதவீதத்தைவிடக் குறையலாம், கூடலாம். மடங்காத முழங்காலோடு கணக்காளர் மேசையில் உட்கார்ந்து வேலையைத் தொடரலாம். கொத்தனார் சாரத்தில் ஏற முடியாது, குத்துகாலிட்டுத் தரை போட முடியாது. அவருக்கு 35 என்பதே குறைவு என்று வாதாட இடமிருக்கிறது. கூலி வேலைக்காரருக்கும் தெருவில் விற்பவருக்கும் ஆவணம் இல்லை என்பதாலேயே வருமானத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிடக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது.

ஆனால் இது தானாக நடந்துவிடாது. காயம்பட்டவர் சாட்சிக் கூண்டில் “வேலை செய்ய முடியவில்லை” என்று மட்டும் சொன்னால் முதல் முறையில் முடிந்துபோகும் அபாயம் உண்டு. அவர் வேலை நாள் முழுக்க என்னென்ன செய்வார், அதில் எது நின்றுபோனது என்று ஒவ்வொன்றாகப் பதிவாக வேண்டும். மருத்துவரின் சாட்சியத்திலும் ஏறுவது, குந்துவது, சுமப்பது என்று தொழிலோடு சேர்த்துக் கேட்டுப் பதிய வைக்க வேண்டும். உங்கள் வக்கீலிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். என் பார்வையில், இந்த வழக்குகளில் ஏழைகள் அதிகம் இழப்பது இங்கேதான்.

காப்பீட்டு நிறுவனம் சொல்லும் மறுப்புகள்

1. லைசென்ஸ் இல்லை, அல்லது போலி. இது நிறுவனத்துக்கும் லாரி ஓனருக்கும் இடையிலான தகராறு. 2004இல் சுவரண் சிங் வழக்குக்குப் பிறகு, நிறுவனம் முதலில் காயம்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடுவது வழக்கமாகிவிட்டது. பெர்மிட் இல்லாத வண்டிக்கும் 2018இல் உச்ச நீதிமன்றம் அதே வழியைக் காட்டியது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைச் சாதாரண இலகுரக உரிமத்தோடு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் உறுதிசெய்துவிட்டதால், சிறிய லோடு வண்டிகளில் இந்த மறுப்பு இப்போது எடுபடாது.

2. நின்ற லாரியில் நீங்கள்தான் மோதினீர்கள். நம் நெடுஞ்சாலைகளில் அடிக்கடி நடப்பது: டயர் வெடித்த லாரி, பார்க்கிங் விளக்கு இல்லை, பின்னால் பிரதிபலிப்பானும் இல்லை, நாலு கல்லைச் சுற்றி வைத்துவிட்டு டிரைவர் கேபினில் தூங்குகிறார். ஆபத்தான விதத்தில் வண்டியைச் சாலையில் விட்டுப்போகக் கூடாது என்று சட்டத்தின் 122ஆவது பிரிவு சொல்கிறது. நடுச்சாலையில் எச்சரிக்கை இல்லாமல் நின்ற டேங்கர் மீது கார் மோதிய வழக்கில், கார் ஓட்டியவருக்கும் பங்கு உண்டு என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வழக்கும் வெளிச்சம், வேகம், நின்ற இடத்தைப் பொறுத்தது. அதனால்தான் அன்றைய போட்டோ அவ்வளவு முக்கியம்.

3. பைக்கில் மூன்று பேர், ஹெல்மெட் இல்லை. மூன்று பேர் போனது மட்டுமே விபத்துக்குக் காரணம் ஆகிவிடாது என்பது 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அதனால்தான் விபத்து நடந்தது அல்லது காயம் கூடியது என்று நிறுவனம் காட்ட வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் தலையில் அடிபட்டால் தீர்ப்பாயங்கள் ஒரு பங்கைக் கழிப்பது உண்டு. காலில் அடிபட்டதற்கும் ஹெல்மெட்டுக்கும் சம்பந்தமில்லை என்பதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

4. சரக்கு வண்டியில் பயணம் செய்தார். இந்த ஒரு மறுப்பு உண்மையிலேயே வலுவானது. குட்டியானையிலும் மினி லாரியிலும் கோயிலுக்கும் வளைகாப்புக்கும் இருபது பேர் ஏறிப் போகிறார்கள். வண்டி கவிழ்ந்தால் அந்த வண்டியின் காப்பீட்டு நிறுவனம் அவர்களுக்குப் பொறுப்பல்ல. 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. தம் சரக்கோடு வந்த உரிமையாளருக்கோ அவருடைய பிரதிநிதிக்கோ பாதுகாப்பு உண்டு, சும்மா ஏறியவருக்கு இல்லை. வண்டி ஓனரிடம்தான் கேட்க வேண்டும், அவரிடம் பெரும்பாலும் அந்த வண்டியைத் தவிர ஒன்றும் இருக்காது. ஒரே விபத்தில் ஒரு தெருவே படுத்துவிட்டு யாருக்கும் உருப்படியாக எதுவும் கிடைக்காமல் போவது இதனால்தான்.

லாரியிலேயே வேலை பார்த்த டிரைவர், கிளீனர், லோடுமேன் அடிபட்டால் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் கீழும் (2025 நவம்பர் வரை 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம்) கேட்கலாம். இரண்டு சட்டத்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். தவறு டிரைவருடையதே என்றால் ஊழியருக்கான இந்தச் சட்டமே அவருக்குக் கைகொடுக்கும்.

அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாத இடம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் புதிய 164ஆவது பிரிவில், யார் தவறு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் பெறலாம். சீக்கிரம் கிடைக்கும், சண்டை இல்லை. ஆனால் காப்பீட்டு நிறுவனத்தின் சமரச நடைமுறையில் அதை ஏற்றுக்கொண்டால் 166ஆவது பிரிவு மனு காலாவதியாகிவிடும். நாம் மேலே பார்த்த கொத்தனார் அங்கே கையெழுத்திட்டால் பதினான்கு லட்சத்துக்கான வழி அடைபடும். தவறு முழுக்கத் தம் பக்கம் உள்ளவருக்கும் சிறிய ஊனத்தோடு தப்பியவருக்கும் இது நல்ல வழி. மற்றவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடட்டும்.

மோதிய லாரி நிற்காமல் போய், கடைசிவரை அடையாளம் தெரியாவிட்டால் 161ஆவது பிரிவில் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். முன்பு 12,500 ஆக இருந்தது. இதற்குத் தீர்ப்பாயம் போக வேண்டாம், கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அளவில் மனு கொடுக்க வேண்டும். இப்படி ஒன்று இருப்பதே தெரியாததால் பலர் கேட்பதில்லை.

வக்கீலும் புரோக்கரும்

ஆஸ்பத்திரி வாசலில் “நாங்களே எல்லாம் பார்த்துக்கிறோம்” என்று வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்குகிறவர்களை நம்ப வேண்டாம். வக்கீல்கள் ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதும், வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவதும் இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளின்படி தடை. கட்டணத்தை முன்பே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அசல் பில்களைக் கொடுக்கும் முன் நகலெடுத்து வையுங்கள். வழக்கு எண்ணை வாங்கி வைத்தால் இ-கோர்ட்ஸ் தளத்தில் வாய்தா விவரம் நீங்களே பார்க்கலாம்.

பணம் இல்லாதவர்களுக்கு 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பே பார்ப்பதில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தொலைபேசியில் 15100.

அவர்களே நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் நிறைய லாரி வழக்குகள் சமரசத்தில் முடிகின்றன. சீக்கிரம் பணம் வரும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகையை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. ஊனச் சான்று கைக்கு வராமல், மேலே சொன்ன இரண்டாம் முறைக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் அந்த மேசையில் உட்கார வேண்டாம்.

தீர்ப்பு வந்த பிறகு

தொகைக்கு மனு போட்ட நாளிலிருந்து வட்டி உண்டு, தமிழ்நாட்டில் பெரும்பாலும் 7.5 சதவீதம். பணத்தை நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்த உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொல்லியிருப்பதால், காயம்பட்டவர் பெயரிலேயே கணக்கு இருக்க வேண்டும். தொகை குறைவு என்று தோன்றினால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 90 நாள். மனுவில் கேட்டதைவிட அதிகம் நியாயமானது என்று தோன்றினால் அதையும் நீதிமன்றம் வழங்கலாம். அந்த 90 நாள் தீர்ப்பு நாளிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. எனவே தீர்ப்பான வாரமே நகலுக்கு மனு போட்டு, வருமானம், ஊனச் சதவீதம், பெருக்கல் எண் மூன்றுக்கும் தீர்ப்பாயம் என்ன எடுத்திருக்கிறது என்று வக்கீலோடு உட்கார்ந்து பாருங்கள்.